இரண்டாம் சனிக்கிழமை மனு

முப்பத்தொன்று. டோக்கனை உள்ளங்கையில் வைத்து மூடி மூடி மை வியர்வையில் இளகிவிட்டது, ஒன்று மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது, கூப்பிடும்போது முப்பது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அதற்கு வேறு பயம். எனக்கு இப்போது எதற்குத்தான் பயமில்லை. பதின்மூன்றாவது நம்பர் உள்ளே போயிருக்கிறது. ஆறு ஆறு பேராக விடுகிறார்கள். ஜெயிலில் இருப்பவர்களைப் பார்க்க வருவதற்கு மனு என்று பெயர், மனு போட்டாச்சா, மனுவில வந்திருக்கேன், மனு முடிஞ்சிருச்சு என்று இந்தத் தகரக் கொட்டகையில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பதினொரு வருஷம் இதே ஜெயிலுக்கு மாதம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்த வந்தவள் நான், எனக்கு இந்த வார்த்தை தெரியாது. எனக்கு எதற்குத் தெரிய வேண்டும், நான் பெரிய வாசல் வழியாகப் போனவள். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் செயலாளர் திருமதி ஞானவடிவு தனசிங், பின்னால் எட்டுப் பேர், ஆர்மோனியம், கேக் பெட்டி, வார்டர்கள் எழுந்து நின்று வாங்கம்மா என்பார்கள். இந்தக் கொட்டகையை வேனிலிருந்து பார்த்திருக்கிறேன். பாவம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவத்தில் இன்று பெஞ்சில் இடம் கிடைக்காமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பை. பையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு சோப், ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு அடியில் பழக்கறை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் காகிதம். திங்கட்கிழமை அப்பீல் விசாரணைக்கு வருகிறது, அதற்குள் அதில் என் மகன் ஓபேத் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் ஆள் மூன்று தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டார், போட மாட்டேன் என்றுவிட்டான். நீங்க நேர்ல கேட்டா போடுவாம்மா என்றார் வக்கீல். நான் நேரில் கேட்பதற்கு அவன் நேரில் வர வேண்டுமே. போன மனுவுக்கு வரவில்லை, அதற்கு முந்தின மனுவுக்கும் வரவில்லை. மேலுக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பினான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம். அடுத்த முறைக்குள் திங்கட்கிழமை போய்விடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பெயர் இசக்கியம்மாள், முப்பத்திரண்டாம் நம்பர், புருஷன் உள்ளே இருக்கிறான், எதற்கென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டாள். ஒங்களுக்கு யாரும்மா உள்ள? மகன் என்றேன். என்ன கேசு? சொன்னேன். டீக்கடையில் சண்டை, அடிபட்ட ஆள் செத்துப்போனான், ஏழு வருஷம் என்றேன். சாட்சி ஸ்ட்ராங்கா சொல்லிட்டாவளோ? இல்லை, சாட்சியெல்லாம் பிறழ்ந்துவிட்டது. பொறவு எப்படி ஏழு? இவன் ஒத்துக்கிட்டான் என்றேன். அவள் வாயில் போட்டிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். "ஒத்துக்கிட்டானா? போலீஸ்ல அடிச்சா எல்லாரும்தான் ஒத்துக்கிடுவான். கோர்ட்ல இல்லன்னு சொல்லிர வேண்டியதுதானம்மா?" கோர்ட்டிலதான் ஒத்துக்கிட்டான் என்றேன். "எவன் கெடுத்தான் அவன?" என்றாள். நான் டோக்கனைப் பார்த்துக்கொண்டேன். அவள் விடவில்லை. "கூட்டாளிவ யாரும் சொல்லிக் குடுத்துருப்பானுவ. இல்லன்னா வக்கீலு அந்தப் பக்கம் கை நனைச்சிருப்பான்." ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பார்த்தாயா, எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது. இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால்.

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதை ஏன் நினைக்கிறேன், அது தேவையா, ஆனால் பீன்ஸ்தான் முதலில் வருகிறது, நரம்பு கிள்ளி நீளவாக்கில், அவனுக்கு அப்படி நறுக்கினால்தான் பிடிக்கும். ஜாமீனில் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. குற்றச்சாட்டைப் படித்துக் கேட்கப்போகிறார்கள், நாளைக்கு ஆஜராக வேண்டும், மூணு பேரும் இல்லன்னு சொல்லணும்னு வக்கீல் சொல்லியிருக்கார் என்றான். தரையில் உட்கார்ந்து ஒரு பீன்ஸை எடுத்துத் தானும் நரம்பு கிள்ளினான். எம்மா, ஹெல்மெட்டால அடிச்சது நான்தாம்மா. அவனுவளும் அடிச்சானுவ. ஆனா அவர் கீழ விழுந்தது நான் அடிச்ச அடியில. அவர் என்றான், மரியாதையாக. சுடலைமுத்து, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியை எடுக்கச் சொன்னதில் வாய்த்தகராறு, அவ்வளவுதான், ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. எனக்குச் சாப்பாடு எறங்கல, ஒறக்கம் வரல, சொல்லிரட்டுமாம்மா என்றான். இருபத்தைந்து வயசு ஆள் அம்மாவிடம் கேட்கிறான். வேறு எந்த அம்மாவாவது இருந்தால் என்ன சொல்லியிருப்பாள். இசக்கியம்மாள் என்ன சொல்லியிருப்பாள். வாய மூடிட்டு வக்கீல் சொல்றதக் கேளுல என்று அகப்பையால் ஒன்று போட்டிருப்பாள், அவன் இன்று வீட்டில் இருப்பான். நான் என்ன செய்தேன், கத்தியை வைத்தேன், கையைத் துடைத்தேன், அவன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். சொல்லிரு மக்கா, உண்மையச் சொன்னா கர்த்தர் கைவிட மாட்டாரு என்றேன். அன்று ராத்திரி அவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். எனக்கு என்ன பெருமை. கடவுளே, எனக்கு அன்று எவ்வளவு பெருமை.

எங்கள் அண்ணன்தான் காரணம் என்று சில நாள் அவன் மேல் பழியைப் போட்டுப் பார்க்கிறேன், செத்துப்போனவன், மறுத்துப் பேசமாட்டான். எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு அசனப் பண்டிகை சமயம், ஊரே சேர்ந்து சமைத்து ஊரே சேர்ந்து சாப்பிடுகிற அன்று, அண்ணன் ஒருத்தனை அகப்பைக் காம்பால் அடித்து மண்டையை உடைத்துவிட்டான். போலீசுக்கெல்லாம் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் அண்ணன் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் நின்றான். நான் அடிச்சேன், தப்பு என்மேல, சபையார் மன்னிக்கணும் என்றான். ஐயர், எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அங்கியில் துடைத்தார், அண்ணன் தலையில் கை வைத்தார். அடிபட்டவன் கட்டோடு வந்து கை கொடுத்தான். அவ்வளவுதான், தீர்ந்தது, வீட்டுக்கு வரும் வழியிலேயே அண்ணன் விசில் அடித்தான். எனக்குப் பத்து வயசு. ஒத்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று எனக்கு யாரும் போதிக்கவில்லை, நான் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தைந்து வருஷம் கழித்துக் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஓபேத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீதிபதி கேட்கிறார், இவன் ஆமாய்யா, நான்தான் அடிச்சேன் என்கிறான், வக்கீல் துள்ளி எழுந்திருக்கிறார், நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு யோசித்துச் சொல்லுப்பா என்கிறார், இவன் திரும்பி என்னைப் பார்க்கிறான். நான் தலையை ஆட்டினேன். என் தலைதான் அது. ஆட்டினேன். ஆமாய்யா என்றான் மறுபடியும். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, இதோ முடியப்போகிறது என்று நினைத்தேன், இதோ கை வைக்கப்போகிறார். எவ்வளவு பெரிய முட்டாள். அவர் கண்ணைக் கசக்கிவிட்டுக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

மற்ற இரண்டு பேரும் இல்லை என்றார்கள். அவர்கள் கேஸ் தனியாக நடந்தது, டீக்கடைக்காரர் எனக்கு அடையாளம் தெரியாது என்றுவிட்டார், விடுதலை. ஒருத்தனுக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தது, பத்திரிகை வந்தது, அவர் வாசலில் நின்று வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், தனசிங், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர், என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எதுக்குத் தலைய ஆட்டுன? அதற்கப்புறம் பேச்சே இல்லை. சுடலைமுத்துவின் பெண்டாட்டி தீர்ப்பன்று கோர்ட் வாசலில் என்னிடம் வந்தாள். நான் கும்பிட்டேன். அவள் கும்பிடவில்லை. "ஒம் மவன் ஒருத்தன்தான் உள்ளதச் சொன்னான். அதுக்காவ நான் என்ன செய்யணும், பூப் போடணுமா?" என்றாள். அழுகையெல்லாம் இல்லை. இடுப்பில் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏழு வருஷம் அவளுக்குப் போதுமா, அதிகமா, அதனால் அவளுக்கு ஒரு கிலோ அரிசி வருமா, ஒன்றுமில்லை, என் பிள்ளை உள்ளே இருக்கிறான், அவள் புருஷன் மண்ணுக்குள் இருக்கிறான். இரண்டையும் சேர்த்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் சபையில் எல்லோரும் தண்டனைன்னா தண்டனைதானக்கா, அதிகாரிகளைக் கடவுள்தானே வச்சிருக்கார் என்பார்கள். நானே சொல்லியிருக்கிறேன். ஐயர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் நம்ம சபை வாலிபன் ஒருவன் உண்மைக்காக எல்லாவற்றையும் இழந்தான் என்று பேர் சொல்லாமல் சொன்னார், பேர் சொல்லவே தேவையில்லை, பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதே வாரம் சங்கத்தில் கொஞ்ச நாளைக்கு ஓய்வா இருங்கக்கா என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பழமும் வாங்கி வந்திருந்தார்கள்.

இருபத்திரண்டு கூப்பிட்டாகிவிட்டது. ஓய்வு. நல்ல ஓய்வு. முன்பு உள்ளே ஒரு ஆள் இருந்தான், ஒல்லியாக, முன்பல் ஒன்று இல்லாமல், பாட்டு முடிந்து நான் பேசுவேனே, எப்போதும் கடைசியில் நான்தான் கேட்பேன், பாவத்தை அறிக்கை செய்ய விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று. அந்தக் கட்டம் வந்தால் சங்கத்தில் எல்லோரும் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள், உங்களுக்குத்தான் அந்தக் குரல் வரும்க்கா என்பார்கள். அந்த ஆள் ஒரு தடவை கையைத் தூக்கிக்கொண்டே, ஒத்துக்கிட்டா வெளிய விட்டுருவாங்களாம்மா என்று கேட்டான். வார்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளத்துக்குள்ள விடுதலை கிடைக்கும் தம்பி என்றேன். சிரிக்காமல் உட்கார்ந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் கேக்கை அவனுக்குக் கொஞ்சம் பெரிய துண்டாகக் கொடுத்துவிட்டு வேன் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். இன்று அவன் முன்னால் வந்து நின்றால் காலில் விழுவேன்.

வேன் வருகிறது. இன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை என்பது எனக்கு மறந்துவிட்டதா, மறக்கவில்லை, மனுத் தேதியும் அதுவும் ஒன்றாக வந்ததை நாலு நாளாகக் காலண்டரில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். எட்டு சேலையும் இறங்குகிறது, கேக் பெட்டி இறங்குகிறது, ஆர்மோனியத்தை இரண்டு பக்கமும் பிடித்து இறக்குகிறார்கள், அந்த இடது கைப்பிடி ஆடும், பார்த்துப் பிடிக்கணும், யாருக்கும் தெரியவில்லை. பிளாரன்ஸ் நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டாள். எனக்கு அப்புறம் செயலாளர் ஆனவள், கெட்டவள் இல்லை. "எக்கா, ஏன் இங்க வெயில்ல உக்காந்திருக்கீங்க? எங்ககூட வாங்க. ஒங்க பேரு இன்னும் லிஸ்ட்லதான் இருக்கு, பழைய லிஸ்டையே அனுப்பிட்டேன், உள்ள நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டிட்டாங்களாம். உள்ள வந்தா ஓபேத்தக் கம்பி இல்லாமலே பாக்கலாமே." கம்பி இல்லாமல். என் கால் எழுந்திருக்கப் பார்த்தது. "நீங்களே கடைசியில அந்த அழைப்பும் குடுத்திருங்கக்கா, எனக்கு அது சரியா வரமாட்டேங்கு." அதோடு கால் உட்கார்ந்துவிட்டது. மேடையில் நின்று, அவன் கீழே உட்கார்ந்திருக்க, அறிக்கை செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் கேட்பதா. நான் கேட்டால் அவன் தூக்குவான். நான் எது கேட்டாலும் அவன் செய்வான் என்பதுதானே வினை. செயலாளராக உள்ளே போகத் தைரியம் இல்லை, அம்மாவாக வரிசையில் நிற்கிறேன், அதுதான் எனக்கு உரியது. நான் மனுவிலயே பாத்துக்கிடுதேன் பிளாரன்ஸ், நீ போ என்றேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒன்பது பேர் லிஸ்ட், எட்டுப் பேர் போகிறார்கள், எண்ணி உள்ளே விட்டார்கள், பெரிய கதவு மூடியது. "ஒங்க சாதிசனமா?" என்றாள் இசக்கியம்மாள். சபை என்றேன்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். கோர்ட்டில் நான் சொன்னது என் சுயவிருப்பத்தால் அல்ல, என் தாயார் மதநம்பிக்கையின் பேரில் வற்புறுத்தியதால் சொன்னேன். இது பொய்யா. நாலு நாளாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி. பொய்யே இல்லை. நான் சொல்லித்தான் சொன்னான், நான் தலையை ஆட்டினேன், நூறு பேர் பார்த்தார்கள். அன்றைக்கும் உண்மையைச் சொல் என்றேன், இன்றைக்கும் உண்மையைத்தான் சொல்லச் சொல்கிறேன், என் மேல் போடு மக்கா, அம்மா மேல் போடு, அம்மாவுக்கு வலிக்காது. ஆனால் அவன்தானே முதலில் கேட்டான், சொல்லிரட்டுமா என்று. அவன் கேட்டிராவிட்டால் நான் சொல்லியிருப்பேனா. அப்படியானால் வற்புறுத்தல் இல்லையே. இல்லை, சோறு இறங்காத பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவதைவிடப் பெரிய வற்புறுத்தல் எது. அவன் வராமல் இருப்பது என் மேல் கோபத்தால்தான். கோபம் இருக்கட்டும், கோபத்திலாவது கையெழுத்துப் போடலாமே, அம்மா மேல் பழி போட ஒரு காகிதம் தேடி வருகிறது, கோபக்காரன் எவனாவது விடுவானா. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆர்மோனியம் கேட்கிறது. சுதி அரைக் கட்டை ஏற்றி எடுத்துவிட்டார்கள், மூன்றாம் சரணத்தில் மூச்சு வாங்கும். கூடவே ஆண்களின் குரல் வருகிறது, நூற்றுக்கணக்கில், அதில் ஒன்றைத் தனியாகப் பிரிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. ஆர்மோனியம் நின்றது, பிளாரன்ஸ் பேசுகிறாள். ஆண்டவரே, அவன் வரட்டும். வந்து என்னைத் திட்டினாலும் சரி. இதற்கு மேல் உம்மிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான், நாளைக்கே கேட்பேன், ஆனாலும் அவன் வரட்டும்.

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, வாங்க. பையைத் திறந்து காட்டினேன், காகிதத்தை வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நீளமான அறை, நடுவில் கம்பி வலை, அதற்கு அப்பால் ஓர் அடி விட்டு இன்னொரு வலை. அந்தப் பக்கம் நாலு முகம் வந்துவிட்டது, ஐந்து வந்துவிட்டது, இசக்கியம்மாளின் புருஷன் நரைத்த தாடியோடு சிரிக்கிறான், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். எனக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. வலைக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கக் கதவு திறந்து வார்டர் வந்தார், தனியாக. என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனார், பழைய ஆள், பதினொரு வருஷம் கேக் வாங்கியவர். "அம்மா, நீங்களா! நீங்க உள்ள மீட்டிங்லலா இருக்கணும்?" ஓபேத் எங்கே என்றேன். "அவன மனு வந்திருக்கு வாலன்னு கூப்பிட்டேம்மா. அதுக்கு அவன், எங்கம்மா பாட்டுக்காரங்களோட உள்ள வாராங்க, போர்டுல பேரு பாத்தேன், மனுவுல வந்தது வக்கீல் ஆளாத்தான் இருக்கும், நான் வரலன்னுட்டான். விடிஞ்சதுலருந்தே சட்டையத் துவைச்சுக் காயப்போட்டு, முதல் வரிசையில எடம் புடிச்சு உக்காந்திருக்கான்."

இப்போ கூப்பிடுங்க சார் என்றேன். மீட்டிங் நடக்கையில எழுப்ப முடியாதும்மா, முடியும்போது மனு நேரம் தீர்ந்திரும் என்றார். நான் உள்ளே போகிறேன், என் பேர் லிஸ்டில் இருக்கிறது என்றேன். எண்ணி உள்ள விட்டாச்சும்மா, இனி அவங்க வெளிய வரத்தான் கதவு என்றார். அவருக்கும் முகம் சரியில்லை. பிஸ்கட்டைக் குடுங்க, குடுத்திருதேன் என்று கையை நீட்டினார். காகிதத்தையும் நீட்டினேன். அது மட்டும் வக்கீல் வழியாத்தாம்மா வரணும் என்றார். சட்டையைத் துவைத்திருக்கிறான். எட்டு சேலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பான், ஆர்மோனியத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருப்பான், கேக் பெட்டியோடு கடைசியாக வருவேன் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். போன இரண்டு மனுவுக்கும் வக்கீல் ஆள் என்று நினைத்துத்தான் வராமல் இருந்திருக்கிறான், என் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. வெளியே பாட்டு மறுபடி ஆரம்பித்து மூன்றாம் சரணத்துக்கு வந்துவிட்டது, நான் நினைத்தபடியே மூச்சு வாங்குகிறார்கள். நின்றது. ஒலிபெருக்கியில் பிளாரன்ஸின் குரல், கொஞ்சம் நடுங்கி, என் வார்த்தைகளை வரி தப்பாமல் சொல்கிறது. பாவத்தை அறிக்கை செய்ய விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். முதல் வரிசைதான் எப்போதும் முதலில் தூக்கும். "ஏல ஓபேத், கையத் தூக்காத" என்றேன். காலியாக இருந்த கம்பியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "தூக்காதல மக்கா." இசக்கியம்மாள் புருஷனிடம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, எனக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.